ஜன்னலோரச் சட்டம்

ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' குறுநாவல் வந்தது 1963இல். முடுக்கு என்றால் நெல்லைக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். இங்கே நெல்லையில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் நாகராஜன். அப்படியொரு முடுக்கில் தொழில் செய்த பெண்களை ஒரு பத்திரிகையாளன் சொல்கிற கதையாக எழுதினார். அன்று வாடிக்கையாளர் முடுக்கைத் தேடிப் போனார். இன்று முடுக்கே அவர் செல்போனுக்குள் இருக்கிறது.

சட்டம் மட்டும் இன்னும் பழைய தெருவில்தான் நிற்கிறது. விபசாரத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1956இல். அதன் 8வது பிரிவு, பொது இடத்தில் ஆள் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. எப்படி அழைப்பது? சொல்லால், சைகையால், ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ உட்கார்ந்து உடலைக் காட்டி என்று வர்ணித்துக்கொண்டே போகிறது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே பெண் ஜன்னலை விட்டுவிட்டு இணையத்தில் படம் போட்டு, அது ஆபாசம் என்று முடிவானால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவு வரும். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்!

வயது வந்த பெண் ஒருத்தி தனியாக, தன் விருப்பத்தில் இந்தத் தொழிலைச் செய்வது நம் சட்டத்தில் குற்றமல்ல. ஆனால் எங்கே செய்வது? கோயில், சர்ச், பள்ளி, கல்லூரி, விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது என்கிறது 7வது பிரிவு. பாளையங்கோட்டை வரைபடத்தை எடுத்து, பள்ளி, சர்ச், மருத்துவமனை ஒவ்வொன்றைச் சுற்றியும் 200 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே எவ்வளவு மிஞ்சும்? பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்தால், இருவருக்கும் வருமானம் வருகிறது என்பதாலேயே அது 'விபசார விடுதி' ஆகிவிடும். நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு பேர் வரை உரிமம் இல்லாமல் சேர்ந்து தொழில் செய்ய அனுமதிக்கிறது.

இணையம் வந்ததும் புரோக்கர் ஒழிவார் என்று பேசப்பட்டது. லண்டனில் ஒரு பெண் சொந்தமாக இணையதளம் வைத்து, கட்டணத்தையும் நிபந்தனைகளையும் அதில் எழுதி, வருகிறவர் யாரென்று விசாரித்த பிறகே நேரம் கொடுக்க முடியும். இங்கே பணம் வாங்குவதிலேயே சிக்கல். ஜிபேயில் எண்ணைத் தட்டியதும் திரையில் வருவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். விளம்பரத்தில் 'பிரியா' என்று இருக்கலாம்; திரையில் அப்பா வைத்த பெயர்தான் வரும். அது வேண்டாமென்றால் இன்னொருவரின் கணக்கு வேண்டும். அவர் சும்மா தருவாரா? இப்படித்தான் புரோக்கர் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வருகிறார்.

விளம்பரத் தளங்களை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டலாம். 2018 ஏப்ரல் 6 அன்று 'பேக்பேஜ்' தளம் முடக்கப்பட்டது. ஐந்தே நாளில், தளங்களையே பொறுப்பாளியாக்கும் புதிய சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் புதிய குற்றப்பிரிவில் 2021 வரை ஒரே ஒரு வழக்குதான் என்று அரசின் தணிக்கை அலுவலகமே சொன்னது. வாடிக்கையாளரை முன்கூட்டி விசாரிக்கும் வசதியை இழந்த பெண்கள் மறுபடி தெருவுக்குப் போக வேண்டியிருந்ததாகப் பாலியல் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன.

நம் உச்ச நீதிமன்றம், கொல்கத்தாவில் 1999இல் கொலையுண்ட ஒரு பாலியல் தொழிலாளியின் வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், 2022 மே 19 அன்று சில உத்தரவுகளைப் போட்டது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் தர வேண்டும். சோதனையில் சிக்கும் பெண்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 'அழகிகள் சிக்கினர்' என்று தலைப்புப் போடும் நம் நாளிதழ்களுக்கும் சேர்த்துத்தான் இது. இரண்டு பெண்கள் சேர்ந்து தொழில் செய்தால் விடுதி என்கிற வரையறை மட்டும் 1956இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.