மகன் வாங்கியது டிரம்ஸ்! அப்பா வாங்கியது டென்னிஸ் பந்து!

"சத்தமில்லாத" செட்டால் கீழ் வீட்டில் இடி. வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னை,
பெரம்பூரில் ஒரு வீட்டின் 2-வது மாடி. சனிக்கிழமை மாலை. கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால், கீழ் வீட்டு அம்மாள்!

"ஏங்க, மேலே உரல்ல மாவு இடிக்கிறீங்களா? நைட் டூட்டி பார்த்துட்டு வந்து படுத்திருக்கேன். தலை வெடிக்குது!"

அப்பா திகைத்துப் போனார். மகன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசித்துக்கொண்டு இருந்தான். அறையில் கேட்டது "டக் டக்" ஓசைதான். "சத்தமே வராது" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். சீட்டு எடுத்த 40 ஆயிரம் ரூபாயில் பெரும்பகுதி அதில் போய்விட்டது.

மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த ஒருவரிடம் அப்பா ஓடினார். அவர் சிரித்தார்.

"காலை மறந்துட்டீங்க!"

அவர் சொன்னதாவது:-

"கையால் அடிக்கிற சத்தம் குறைவுதான். காலால் பெடலை மிதிக்கும்போது வரும் அதிர்வு, தரை வழியாக நேரே கீழே இறங்கும். சாதாரண டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டும். தெருவுக்கே கேட்கும். இது கீழ் வீட்டுக்கு மட்டும் கேட்கும். வாங்கறதுக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?"

மெஷ்சா? ரப்பரா?

வாங்கப் போகிறவர்களுக்கும் அவர் யோசனை சொன்னார்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்நேர் பேடு. ரப்பர் பேடில் மணிக்கணக்கில் அடித்தால் மணிக்கட்டு வலிக்கும், சத்தமும் கூடுதல். வலை போன்ற மெஷ் பேடு, தோல் மாதிரி குச்சியைத் துள்ளவிடும். 1997-ல் ரோலண்ட் கம்பெனி உயர்ந்த விலை செட்டில் கொண்டுவந்த மெஷ், இன்று குறைந்த விலை செட்டிலும் கிடைக்கிறது. ஸ்நேரின் நடுவுக்கு ஒரு ஓசை, விளிம்புக்கு ஒரு ஓசை வருகிறதா என்றும் தட்டிப் பாருங்கள்.

"நூற்றுக்கணக்கில் சத்தம் இருக்குது சார்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள். பழகுகிற பையனுக்கு நல்ல ஓசை நாலைந்து போதும். யு.எஸ்.பி. இணைப்பு இருந்தால், பிறகு கம்ப்யூட்டர் மூலம் வேறு ஓசைகள் சேர்த்துக்கொள்ளலாம். மோசமான பேடை அப்படி மாற்ற முடியாது!

மாடி வீடா? சுத்தியல் இல்லாத கிக் பெடல் தேவலை. அதிர்வு குறைவு. ஆனால் மேடையில் நிஜ டிரம்சை மிதிக்கும்போது கால் கொஞ்சம் தடுமாறும். சுத்தியல் உள்ளது காலுக்கு நல்லது; கீழ் வீட்டுக்கு ஆகாது!

"கச்சேரிக்காரர்கள் வாசிக்கும் ஆக்டோபேடு வாங்கினால் என்ன?" என்று அப்பா கேட்டார்.

"அது ஒரே பெட்டியில் 8 பேடு. கச்சேரிக்குச் சரி. கையும் காலும் சேர்ந்து பழக முழு செட்தான் வேணும்" என்றார் அவர்.

பெட்டியில் இல்லாத செலவு

உட்காரும் ஸ்டூல், ஹெட்போன், குச்சி, சில செட்டுகளில் பெடல்கூட தனியாக வாங்க வேண்டி இருக்கும். கையில் 40 ஆயிரம் இருந்தால் 32 ஆயிரத்துக்கு மேல் செட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும்.

பழைய செட் என்றால், உங்கள் ஹெட்போனை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பேடையும் மெதுவாக ஒரு தட்டு, பலமாக ஒரு தட்டு. இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தாலோ, ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தாலோ, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்!

பந்து எதற்கு?

சரி, கீழ் வீட்டு இடிக்கு என்ன வழி? 2 பிளைவுட் பலகை. இரண்டிலும் பந்தைவிடச் சிறிய துளைகள். நடுவே டென்னிஸ் பந்துகள். மேலே கம்பளம், அதன்மேல் செட், ஸ்டூல் எல்லாம். பலகை சுவரைத் தொடக்கூடாது. அதிர்வைப் பந்து வாங்கிக்கொள்ளும். முழுவதும் நிற்காது, வெகுவாகக் குறையும்.

அப்பா அப்படியே செய்தார். கீழ் வீட்டு அம்மாளிடம் போய், தூங்கும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். "இப்ப பரவாயில்லைங்க. தம்பி நல்லா வாசிக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

இப்போது தகராறு வேறு இடத்தில்! "அண்ணே, கடையில இருந்த பந்தையெல்லாம் நீங்களா வாங்கிட்டீங்க?" என்று தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் அப்பாவை மடக்குகிறார்கள்!