உங்களுக்குத் தெரியுமா? கடையத்தில் போட்ட 4 லட்சம் பிரதிக் கணக்கு!

அம்பாசமுத்திரத்தில் தென்காசி ரயில் ஏறுங்கள். கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம்... அடுத்தது கீழக்கடையம். இறங்குங்கள்! தமிழில் விற்று விற்றும் தீராத பாட்டுத் தொகுப்புக்குச் சொந்தக்காரர் மாப்பிள்ளையாக வந்த ஊர் இது. ஆமாம், நம்ம பாரதியார்தான்!

கல்யாணம் 1897-இல். மாப்பிள்ளைக்கு வயது 14. மணப்பெண் செல்லம்மாவுக்கு 7!

பாட்டு எழுதியவரும் அவரே. ராகம், தாளம் குறித்தவரும் அவரே. கணீரென்று பாடிக் காட்டியவரும் அவரே!

1907-இல் அவருடைய மூன்றே மூன்று பாட்டுகளை ஒருவர் அச்சடித்து ஊரெல்லாம் சும்மா கொடுத்தார். அவர் வி. கிருஷ்ணசாமி அய்யர். அரசியலில் பாரதிக்கு நேரெதிர் அணி! எத்தனை பிரதி தெரியுமா? 15,000!

1917-இல் 'கண்ணன் பாட்டு' நூலை வெளியிட்டவர் யார்? நம்ம நெல்லைச் சீமையின் பரலி சு. நெல்லையப்பர்! சில நூற்றாண்டு கழித்தும் தமிழர்கள் இந்தப் பாட்டுகளைப் படித்து மகிழ்வார்கள் என்று முன்னுரையிலேயே அடித்துச் சொன்ன மனிதர்!

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலை. பாரதி நேரே வந்தது கடையத்துக்கு. எதை அச்சிடுவதானாலும் முன்கூட்டியே போலீசுக்குக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை!

இப்போது கேளுங்கள், நான் கண்டெடுத்ததிலேயே பெரிய புதையல். 1920 ஜூன் 28. கடையத்திலிருந்து ஒரு சுற்றுக் கடிதம் புறப்படுகிறது. தன் எழுத்து முழுவதையும் 40 புத்தகங்களாகப் போடப் போகிறார் பாரதி. ஒவ்வொன்றும் 10,000 பிரதி. கூட்டிப் பாருங்கள், 4 லட்சம்! முதலுக்கு வேண்டியது 20,000 ரூபாய். நண்பர்களிடம் கடனாகக் கேட்கிறார். விற்குமா என்ற சந்தேகமே அவருக்கு இல்லை. மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட வேகமாக விற்றுப்போகும் என்கிறார்! நூறு வருஷத்துக்கு முன்னால், நம்ம பக்கத்து ஊரில் உட்கார்ந்து ஒரு கவிஞர் போட்ட கணக்கு இது! எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

அடுத்த வருஷம் செப்டம்பரில் பாரதி மறைந்தார். வயது 38.

ஜமைக்காவின் பாப் மார்லியும் இப்படித்தான். தானே எழுதி, தானே பாடியவர். 36 வயதில் மறைந்தார். மூன்று வருஷம் கழித்து, 1984-இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பு இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது!

இங்கேயோ, 1928-இல் பாரதி பாட்டுப் புத்தகங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. சுமார் 2,000 பிரதிகள்! சட்டசபையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பொங்கி எழுந்தார்!

பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு, சினிமா உரிமையைப் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் 9,500 ரூபாய்க்கு வாங்கினார். 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது! அந்த உரிமையை மெய்யப்பன் 1949-இல் அரசுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்!

1955-இல் அரசு அத்தனை பாட்டையும் மக்களுக்கே பொதுவாக்கியது. இன்றைக்கு நீங்களே அம்பாசமுத்திரத்து அச்சகம் ஒன்றில் பாரதி பாட்டைத் தொகுத்துப் போடலாம். உரிமைத் தொகை? 0 ரூபாய்!