யோபுவின் கதை கேட்ட நட்டாலத்துக்காரர்

டில்லிக்கு வந்த புதிதில் சாணக்யபுரி என்றால் நம்மில் பலருக்கும் கௌடில்யா மார்க் தமிழ்நாடு இல்லமும், அங்கே கிடைத்த சாப்பாடும்தான். அதே சாணக்யபுரியில், நீதி மார்க்கில், போப்பாண்டவரின் தூதரகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு 2022 மே 15ஆம் தேதி ஞாபகம் வரும். அன்றுதான் வத்திக்கானில், அப்போதைய போப் பிரான்சிஸ், குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, குடும்பஸ்தரான ஓர் இந்தியருக்கு இந்தப் பேறு கிடைத்தது அதுவே முதல் தடவை.

"கடவுள் என்னை நேசிக்கிறார்" என்று கிறிஸ்தவர்கள் சொல்வதைக் கேட்கும் மற்ற அன்பர்கள், "அப்போ உங்களுக்குக் கஷ்டமே வராதா?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கிறிஸ்தவர்களாகிய நாங்களே பல நேரம் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம். புரமோஷன் வந்தால் ஆண்டவரின் ஆசீர்வாதம், தூரத்துக்கு டிரான்ஸ்பர் வந்தால், "என்ன பாவம் செய்தோமோ!" இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதைத் தேவசகாயத்தின் வாழ்க்கை காட்டுகிறது.

1712இல் பிறந்தவருக்கு வீட்டில் இட்ட பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா ஆண்ட திருவிதாங்கூரில், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தரும் நிலைக்கு உயர்ந்தார். இருவருக்கும் நட்பு உண்டாயிற்று. ஆடுமாடுகள் செத்து, சொத்தும் நஷ்டமாகி நீலகண்டன் மனம் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி.

யோபு நல்ல மனுஷன். மந்தை, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடுகின்றன. ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள், "நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான்" என்று சாதிக்கிறார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளிடமே சண்டை போடுகிறார், முறையிடுகிறார். கடைசியில் கடவுள் கடிந்துகொள்வது, பக்தியாகப் பேசிய அந்தச் சிநேகிதர்களைத்தான்! இதை நாம் கவனிப்பதே இல்லை. அழுவதும், "ஏன்?" என்று கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. அன்பு உண்டென்று நம்புகிறவன்தானே உரிமையோடு கேட்பான்? பெற்ற தாயிடம் கோபித்துக்கொள்ளும் பிள்ளை அன்னியன் ஆகிவிடுவதில்லையே.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம்; கடவுளின் துணை என்று அர்த்தம். செல்வம், பதவி என்ற பேச்சே அந்தப் பெயரில் இல்லை பாருங்கள். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு கிறிஸ்தவரானார்.

யோபுவின் கதை சுபமாக முடியும்; இழந்த செல்வம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அந்தக் கதையைக் கேட்டு நம்பியவருக்கோ ஒன்றும் திரும்பி வரவில்லை. 1749இல் சிறை. உடம்பில் புள்ளி குத்தி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள் என்கிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தொன்பது. (தண்டனைக்குக் காரணம் மதமா, அரசியல் குற்றச்சாட்டா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்பதே நமக்கு இங்கே விஷயம்.)

அப்படியானால் கடவுளின் அன்பை எதைக் கொண்டு அளப்பது? பவுலடியார் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தில் பசி, ஆபத்து, வாள் என்று ஒரு பட்டியலே போடுகிறார். இவையெல்லாம் வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்க முடியாது என்கிறார். சிலுவையில் தன் மகனைக் கொடுத்ததிலேயே அந்த அன்பு தெரிந்துவிட்டது, இன்றைய வரவு செலவை வைத்து அதைத் தினமும் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். சொல்வது சுலபம். வேலை போன மாதத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், இது சட்டென்று வாய்க்காது. எனக்கு வாய்த்ததில்லை. அப்போதெல்லாம் ஜெபம் என்பது வெறும் புலம்பல்தான். ஆனாலும் யாரிடம் புலம்புகிறோம் என்று தெரிந்திருந்தது.

ஞானப்பூவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணவர் இறந்தபின் அவர் வடக்கன்குளத்துக்கே போய் வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார் என்று சொல்கிறார்கள். புனிதர் பட்டம், விழா எதுவும் அவருக்கு இல்லை. தனியாக எத்தனை ராத்திரி, "ஏன் ஆண்டவரே?" என்று கேட்டிருப்பாரோ!

நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்கள், வள்ளியூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். வடக்கன்குளம் அந்தப் பக்கத்து ஊர்தான். கொஞ்ச நேரத்தில் காற்றாலைகளும் ஆரல்வாய்மொழி மலைகளும் தெரியும். நாகர்கோவிலில் இறங்கினால், அவர் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயம் பக்கத்திலேயே இருக்கிறது.