வண்ண மீனின் வயிற்று நோய்

மளிகையோடு ஒரு மூலையில் வண்ண மீனும் வைத்து விற்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது. சென்னை கொளத்தூரிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. ஆக்சிஜன் பையில் அடைந்து தருமபுரி வந்து சேரும் மீன், அந்தக் களைப்பிலேயே நோய்க்கு இடம் கொடுத்துவிடும்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றவும். ஒன்றிரண்டு மட்டும் ஒதுங்கி, தீனியை வாங்கித் துப்பி, வெள்ளை நூல் போலக் கழிந்தால் கோளாறு குடலில்.

இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. தொட்டியில் கொட்டும் மருந்து பெரும்பாலும் வயிற்றுக்குப் போவதில்லை. தின்னும் நிலையில் இருக்கும்போதே தீனியில் பிசைந்து கொடுக்க வேண்டும். குடல் ஒட்டுண்ணிக்கு மெட்ரோனிடசோல். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்கவும். மலம் கட்டி வயிறு உப்பினால் இரண்டு நாள் தீனியை நிறுத்தி, 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பேதி உப்பு கரைக்கலாம். நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான்!

செதில்கள் அன்னாசித் தோல் போல விரைத்து நின்றால் உடலில் நீர் கோத்துவிட்டது, பிழைப்பது அரிது. முதுகு வளைந்து மெலிவது காசநோயாகவும் இருக்கலாம். அக்கிருமி கைப்புண் வழியே மனிதருக்கும் தொற்றும். அந்தத் தொட்டி மீனை விற்கவே வேண்டாம். வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டி காலியானால் அவர் மளிகைக்கும் வேறு கடை பார்ப்பார்.

புதுச் சரக்கை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைக்கவும். இடமில்லாதவர்களுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு காற்றுக் குழாயும் போதும்.