தாத்தாவின் கடிதக் கட்டு: எரிக்கலாமா, கொடுக்கலாமா?

எழுத்தாளர், தொழிற்சங்கத் தலைவர், ஊர் வைத்தியர் என்று பொதுவாழ்வில் இருந்த ஒருவர் மறைந்ததும், அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் வீட்டாரிடம் தங்கிவிடுகின்றன. அவற்றை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் இவை.

கொடுத்த மறுநாளே யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்களா?

மாட்டார்கள். எந்தக் கட்டை இப்போதே திறக்கலாம், எதை எத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்று கொடைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். கவிஞர் டி.எஸ். எலியட் தமக்கு எழுதிய 1,131 கடிதங்களை அவருடைய நெடுநாள் தோழி எமிலி ஹேல் 1956-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைத்தார். இருவரில் பின்னால் இறப்பவர் மறைந்து 50 ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எலியட் 1965-லும் ஹேல் 1969-லும் காலமானார்கள். பெட்டிகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தது 2020 ஜனவரியில்தான்.

அந்தரங்கமானதை எரித்துவிடுவது நல்லதில்லையா?

அதே கதையின் மறுபாதியைப் பாருங்கள். ஹேல் எழுதிய கடிதங்களை எலியட் அழிக்கச் செய்தார். இன்று அந்த நெடுநாள் உறவைப் பற்றி எழுதுகிறவருக்கு எலியட்டின் குரல் ஆயிரம் கடிதங்களில் கேட்கிறது. ஹேலின் பதில்கள் இல்லை. இது ஹேலுக்கு இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன். அவற்றையும் மூடிவைத்திருந்தால், காலம் கழிந்தாவது அவர் தம் தரப்பைச் சொல்லியிருப்பார்.

என்றைக்குமே திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாமா?

கேட்கலாம், காப்பகம் ஏற்கக் கூடாது. திறக்கும் தேதி ஒன்று வேண்டும். ‘குடும்பத்தார் அனுமதித்தால் மட்டும்’ என்பதும் சிக்கலே. வேண்டிய ஆய்வாளருக்குக் கதவு திறக்கும், வேண்டாதவருக்குத் திறக்காது. பேரப்பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்துபோன பிறகு யாரிடம் போய் அனுமதி கேட்பது?

இறந்தவருக்கு ஏது அந்தரங்கம்?

சட்டப்படி சரிதான். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்த வழக்கில், ஒருவருடைய தனியுரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. ஆனால் கடிதக் கட்டில் இருப்பவர் இறந்தவர் மட்டுமல்லவே. மகனின் மனநோய்க்கு வைத்தியம் கேட்டு எழுதிய தாய், கணவன் அடிப்பதாகத் தலைவரிடம் முறையிட்ட பெண்: இவர்கள் யாரும் கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. பலர் உயிரோடும் இருக்கலாம். என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான்.

அதற்காக இந்தக் கடிதங்களை ஒட்டுமொத்தமாக மறைத்தால் வரலாற்றில் தலைவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். காப்பாளர் பக்கம் பக்கமாகப் படித்து, அத்தகைய தாள்களை மட்டும் எடுத்து மூடிவைத்து, எடுத்த இடத்தில் ஒரு குறிப்புச் சீட்டு வைப்பதே முறை. நேரம் பிடிக்கும் வேலை; வேறு வழியில்லை. பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஆய்வாளருக்கு வாசிப்பறையில் காட்டலாம். இணையத்தில் ஏற்றுவது அப்படியல்ல. அங்கே பெயரைத் தட்டினால் அந்தப் பெண்ணின் சம்பந்தி வீட்டாரும் படித்துவிடலாம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் விலக்கு தருகிறது. அந்தத் தகவலை வைத்து அந்த நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

எங்களுக்கு வந்த கடிதத்தை நாங்களே புத்தகமாகப் போடலாமா?

தாள் உங்களுடையது, பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. பொதுமக்கள் சென்று பார்க்கக்கூடிய நூலகத்தில் உள்ள வெளிவராத எழுத்தை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், ஆய்வுக்காகப் படியெடுக்க 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

காப்பகம் தரும் வாக்குறுதியை முழுதாக நம்பலாமா?

வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், நீங்கள் இறக்கும்வரை வெளிவராது என்று உறுதி சொல்லி அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி பேட்டிகளைப் பதிவுசெய்தது. 2011-ல் ஒரு கொலை விசாரணைக்காகப் பிரிட்டன் அவற்றைக் கேட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் வழியே சில பதிவுகள் காவல்துறையிடம் போய்விட்டன. ஆகவே நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வார்கள் என்பது பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள்.