கைத்தொழில் தெரியுமா... அதுவே கன்டென்ட்!

ஆம்பூரில் தைத்த ஷூ கப்பலேறி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய் இறங்கும்போது, அதன்மேல் இருப்பது பெரும்பாலும் அந்த நாட்டு பிராண்டின் பெயர்தான். அதை வாங்கி அணிகிறவருக்கு ஆம்பூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களின் கதை தலைமுறைகளாக இதுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவிகிதமானது. அங்கே போடும் ஒரு கையெழுத்து, இங்கே ஆர்டரையும் ஓவர்டைமையும் ஆட்டிவைக்கும். அதனால்தான் ‘பர்ஸோ பெல்ட்டோ செருப்போ, நாமே செய்து நம் பெயரில் விற்றால் என்ன?’ என்ற எண்ணம் இப்போது வெறும் ஆசையாக இல்லை. கடை போட முதல் இல்லாதவருக்கும் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால், பக்கம் தொடங்கிய முதல் வாரமே வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?’

புதுக்கோட்டை தந்த பதில்

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம். விவசாய வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்தவர்கள், 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினார்கள். விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகிய தாத்தா பெரியதம்பிதான் அவர்களின் பலம்.

ஸ்டுடியோ கிடையாது. வயல்வெளி, விறகடுப்பு, பெரிய பாத்திரம், சத்தமாகச் சொல்லும் பொருள்களின் பெயர்கள்... அவ்வளவுதான். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு அமர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில், 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. வருமானத்திலிருந்து 10 லட்சம் ரூபாயை முதலமைச்சர் கொரோனா நிவாரண நிதிக்கு அளித்தார்கள்.

எல்லாருக்கும் 1 கோடி வராது. ஆனால், அவர்கள் தொடங்கிய விதத்தை யாரும் பின்பற்றலாம். தெரியாத ஒன்றைத் தேடிப் போகாமல், வீட்டில் ஏற்கெனவே இருந்த கைப்பக்குவத்தைக் காட்டினார்கள். ஒரே மாதிரியான வீடியோக்களை விடாமல் போட்டார்கள். என்ன கிடைக்கும் என்று தெரிந்துதான் ஆள்கள் திரும்ப வந்தார்கள்.

என்ன காட்டலாம்?

தோல் ஊரில் பிறந்தவருக்கு விஷயத்துக்கா பஞ்சம்? நிஜத் தோலையும் ரெக்ஸினையும் எப்படி வேறுபடுத்துவது? மழைக்காலத்தில் ஷூவில் பூஞ்சை படிந்தால் என்ன செய்வது? நனைந்த செருப்பை ஏன் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும்? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் பழைய முறை எப்படிப்பட்டது? அந்த வழியில் வந்த ‘ஈ.ஐ. லெதர்’ புவிசார் குறியீடு பெற்றது என்பது உள்ளூரிலேயே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ.

முகம் காட்டத் தயக்கமா? கைகள் போதும். ஊசி ஏறி இறங்குவதையும், விளிம்பைச் சீவுவதையும், பசை தடவி ஒட்டுவதையும் பார்ப்பதற்கென்றே ஆள்கள் இருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சமே நல்ல லைட். முதல் 3 விநாடிகளுக்குள் விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். ‘வணக்கம் நண்பர்களே’ என்று இழுத்தால், கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக எழுத்தும் ஓடட்டும். தமிழும் உருதும் கலந்து பேசும் ஊர் என்பதால், இரண்டிலும் பேசுவது கூடுதல் பலம்.

முதல் 100 பேர்

தொடக்கத்தில் தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். அதில் குறைவேதும் இல்லை. வாரத்துக்கு 2 வீடியோ என்றால் 2, எந்த நாள் என்றால் அந்த நாள். ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து வீடியோக்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். வரும் கேள்விகளுக்கு அன்றே பதில் சொன்னால், கேட்டவர் மீண்டும் வருவார். அவர் கேட்டதே அடுத்த வீடியோவுக்கான தலைப்பு.

லைக்கைவிட முக்கியம், பார்ப்பவர் எந்த இடத்தில் வெளியேறுகிறார் என்பது. யூடியூப் ஸ்டுடியோ அதைக் கோடு போட்டுக் காட்டும். கோடு சரியும் இடம்தான் அடுத்த முறை வெட்ட வேண்டிய இடம். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது வீண். அந்தக் கணக்குகள் பார்க்கவும் செய்யாது, பர்ஸ் வாங்கவும் செய்யாது.

கவனம் தேவை

வேலை பார்க்கும் கம்பெனிக்குள் வீடியோ எடுக்கவே கூடாது. அங்கே இருப்பது இன்னும் சந்தைக்கு வராத, வெளிநாட்டு வாடிக்கையாளரின் டிசைன். 30 விநாடி ரீல், இருக்கும் வேலையைப் பறித்துவிடலாம். அதே டிசைனை வீட்டில் தைத்து விற்பதும் சிக்கல்தான். சொந்த டிசைன், சொந்த இடம் என்று இருப்பதே பாதுகாப்பு.

குறிப்பாகப் பெண்கள், வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு முகவரியோ வாசலோ வீடியோவில் தெரிய வேண்டாம். ஆபாசமாகப் பேசுபவருக்குப் பதில் தேவையில்லை, பிளாக் செய்தால் போதும். ‘லைக் போட்டால் பணம்’ என்று ஆசை காட்டி முன்பணம் கேட்பது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பணம் எப்போது வரும்?

யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாள்களில் ஷார்ட்ஸ் 1 கோடி பார்வைகளைப் பெற வேண்டும். பொருள் விற்பவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்க்கும் 300 பேரில் 10 பேர் பெல்ட் வாங்கினாலும் அது வியாபாரம்தான்.

இன்னொரு பாடத்தையும் மறக்கக் கூடாது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். ஆப் நம்முடையதல்ல. எனவே, பொருள் வாங்கியவர்களின் எண்ணை, அவர்களின் சம்மதத்தோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது அவசியம். எந்த ஆப் போனாலும் அந்த நோட்டு இருக்கும்.

அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெல்ட்டைச் செய்த கை யாருடையது, எந்த ஊருடையது என்று தெரியும். கப்பலேறிய ஷூக்களுக்குக் கிடைக்காத பெயர் அது.