ஆராய்ச்சிக்கு மார்க்கு போடலாமா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் வாசித்த மாணவர் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். பள்ளிக்கூடத்து ரஸாயன சாலையில் கண்ணாடிக் குழாய்களை உடைத்துவிட்டு நம்மிடம் வசவு வாங்கிய பையன்தான். இன்று ரஸாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். மூலிகைகளிலுள்ள சத்துக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றில் அணுக்கள் எவ்விதம் பிணைந்திருக்கின்றன என்று கண்டறிவது அவருடைய வேலை. ஒரு கலாசாலையில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு மனுச் செய்து, இண்டர்வியூவுக்குப் போய்வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"என்னப்பா, என்ன கேட்டார்கள்?" என்றோம்.

"என் எண் என்னவென்று கேட்டார்கள், ஸார். ஒன்பது என்றேன். எனக்கு முன்னால் போனவருக்குப் பதினேழாம். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவரும்படி ஆயிற்று. நான் கொண்டுபோன கட்டுரைக் கட்டை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை."

அந்த ஒன்பதும் பதினேழும் யாவை என்பது நமது நேயர்களில் பலருக்குப் புதிராக இருக்கலாம். நமக்கே அவை சற்றுப் புதிதுதான். ஆனால் பிள்ளைகளையும் பெண்களையும் கலாசாலைக்கு அனுப்பிவிட்டு, அங்கே பாடம் சொல்லுகிறவர் யாரென்று கவலைப்படும் குடும்பத்தார் இவ்விஷயத்தை அறிந்துகொள்வது அவசியம்.

விஞ்ஞானி ஒருவர் கட்டுரை எழுதும்போது, தாம் எவரெவருடைய ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் ஜாபிதாவாகக் கொடுப்பது வழக்கம். நம் உரையாசிரியர்கள் பழம் பாட்டுக்களை மேற்கோள் காட்டியதைப் போன்றதே இது. தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதும் நமக்குக் கிட்டவில்லை. உரைகளிலும் தொகை நூலிலும் எடுத்தாளப்பட்ட சில பாட்டுக்களே எஞ்சின. பிறர் எடுத்தாளுவதனால் ஒரு நூலின் ஆயுள் நீள்கிறது என்பது தமிழர் அறியாததல்ல. ஆனால் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்று எண்ணி, அந்தத் தொகையைக் கொண்டு புலவருக்குச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டுமென்று நம் முன்னோர்களுக்குத் தோன்றவில்லை.

எண்ணுவதற்கு வழி செய்தவர் அமெரிக்கராகிய யூஜீன் கார்ஃபீல்டு. இவர் கொலம்பியா ஸர்வகலாசாலையில் ரஸாயனம் படித்தவர். அந்நாட்டு வக்கீல்களிடம் 1873-ம் வருஷம் முதல் ஒருவகை அட்டவணை புழங்கிவந்தது: ஒரு தீர்ப்பு பிறகு எந்தெந்த வழக்குகளில் எடுத்துக் காட்டப்பட்டது, எதில் தள்ளப்பட்டது என்பதை அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அவ்விதம் ஓர் அட்டவணை வேண்டுமென்று கார்ஃபீல்டு 1955-ல் எழுதினார். அடுத்த பத்து வருஷங்களுக்குள் பிலடெல்பியா நகரிலிருந்து அதனை வெளியிடவும் தொடங்கினார். ஒரு கட்டுரைக்குப் பின் அவ்விஷயம் எவ்வாறு வளர்ந்தது என்று தேடுவதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். தேடுவதற்கு ஏற்பட்ட கருவி மெள்ள மெள்ள எடை போடும் தராசாக மாறிவிட்டது.

நம் மாணவர் சொன்ன எண் 2005-ம் வருஷத்தில் பிறந்தது. காலிபோர்னியாவில் வேலை பார்க்கும் ஹார்ஹே ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி அதனைக் கண்டுபிடித்தார். கணக்கு மிக எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, மேற்கோள் அதிகம் பெற்றதிலிருந்து குறைவாகப் பெற்றது வரையில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எட்டுக் கட்டுரைகள் முறையே 40, 22, 15, 9, 7, 6, 5, 2 மேற்கோள்கள் பெற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாவது கட்டுரைக்கு ஆறு மேற்கோள் இருக்கிறது. ஏழாவதற்கு ஏழு இல்லை, ஐந்துதான். ஆகவே அவருடைய எண் ஆறு. அஃதாவது, ஆறு மேற்கோளுக்குக் குறையாத கட்டுரைகள் ஆறு அவரிடம் உள்ளன.

இதில் ஒரு நியாயமும் உண்டு. பயனற்ற கட்டுரைகளை மூட்டை மூட்டையாக எழுதிக் குவிப்பவருக்கு இந்த எண் ஏறாது. தற்செயலாக ஒரே ஒரு கட்டுரை பேர் வாங்கியவருக்கும் ஏறாது. பெரிய மனிதர்களுடைய சிபாரிசுக் கடிதமும், ஜாதியும், மாமன் மைத்துனன் உறவும் செல்லுபடியான இடங்களில், யாரென்று பாராமல் போடும் கணக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் துணை நிற்கவும் கூடும். இதை நாம் மறுக்கவில்லை. நம் மாணவரும் மறுக்கவில்லை.

ரஸாயன நிபுணர்களையே இந்த எண்ணால் வரிசைப்படுத்திப் பார்த்ததும் உண்டு. 2007-ல் அமெரிக்காவில் ஜியார்ஜியா ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்றி ஷேஃபர் அப்போது உயிருடனிருந்த நிபுணர்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரிக்க, இங்கிலாந்தின் ராயல் ரஸாயனச் சங்கத்துப் பத்திரிகை அதனை வெளியிட்டது. முதலில் நின்றவர் ஹார்வர்டு ஸர்வகலாசாலையின் ஜார்ஜ் வொயிட்சைட்ஸ், எண் 135. அவரை அடுத்து நின்றவர்கள் கோரியும் கார்ப்ளஸும். கோரி 1990-லேயே நோபெல் பரிசு பெற்றிருந்தார். கார்ப்ளஸுக்கு ஜாபிதா வெளியாகி ஆறு வருஷங்களுக்குப் பின் 2013-ல் கிடைத்தது. முதலில் நின்றவருக்கோ கிடைத்தபாடில்லை. ஆகவே இந்த எண் முழுப் பொய்யுமன்று. பரிசளிப்போரின் தீர்ப்போடு அடிக்கு அடி ஒத்துப் போவதுமன்று.

மேற்கோளின் தொகை எதைத்தான் அளக்கிறது? 2014-ம் வருஷத்துக் கணக்குப்படி, உலகத்து விஞ்ஞானக் கட்டுரைகள் அனைத்திலும் அதிக மேற்கோள் பெற்றது 1951-ல் ஆலிவர் லௌரியும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒன்று. ஒரு திரவத்தில் புரதம் எவ்வளவு இருக்கிறதென்று, நீல நிறம் உண்டாக்கி அதன் ஆழத்தைக் கொண்டு அளக்கும் முறையைக் கூறுவது. அக்கணக்கில் அதற்கு 3,05,000-க்கு மேல் மேற்கோள்கள்! புரதத்தை அளந்தவரெல்லாம் அதன் பெயரைக் கடைசியில் எழுதினார்கள், அவ்வளவுதான். அது ஒன்றும் மகத்தான கட்டுரையல்லவென்று லௌரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே ஜாபிதாவில் நாலாவது இடத்தில், டி. என். ஏ. என்னும் உயிர்ச் சரட்டின் எழுத்துக்களை வரிசையாகப் படிக்கும் வழியை 1977-ல் கண்டு சொன்ன ஃபிரெடரிக் ஸாங்கரின் கட்டுரை நிற்கிறது. அதற்குச் சுமார் 65,000. லௌரியின் நீல நிறம் ஸாங்கரின் கண்டுபிடிப்பைப்போல் நாலரை மடங்கு உயர்ந்தது என்று எந்த ரஸாயன நிபுணரும் சொல்லத் துணியமாட்டார்.

ஸாங்கரின் கதை நாம் வகுப்பில் அடிக்கடி சொல்லுவது. இன்ஸுலின் என்ற புரதத்தில் கண்ணிகள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று காண்பதற்காக அவர் பத்து வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். முடிவு 1955-ல் கிட்டியது. 1958-ல் ரஸாயனத்துக்கு நோபெல் பரிசு. பிறகு வேறொரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு 1980-ல் அதே பரிசை இரண்டாம் முறையும் பெற்றார். வருஷத்துக்கு இத்தனை கட்டுரையென்று அவரை யாராவது நெருக்கியிருந்தால் அவர் இன்ஸுலினைத் தொட்டிருப்பாரா என்பது நமக்குச் சந்தேகமே.

பத்திரிகைகளுக்கும் இத்தகைய மார்க்கு உண்டு. முந்திய இரண்டு வருஷங்களில் வெளியான கட்டுரைகள் சராசரி எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே அது. மேலான பத்திரிகையில் எழுதினாயா என்று இண்டர்வியூக்களில் கேட்பதன் பொருள் இதுதான். 2008-ல் ஜெர்மனியில் கட்டிங்கன் நகரத்து ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிகங்களின் அமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் என்ற தம் கம்ப்யூட்டர் திட்டத்தின் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதினார். இத்திட்டத்தைப் பயன்படுத்துவோர் இக்கட்டுரையை மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே குறிப்பும் இருந்தது. படிகம் ஆராயும் ரஸாயனிகளில் அத்திட்டத்தைத் தொடாதவர் அரிது. விளைவு, இரண்டு என்ற அளவில் இருந்த அப்பத்திரிகையின் மார்க்கு 2009-ம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஐம்பதாகத் தாவிற்று! அதே பத்திரிகையில் எழுதிய மற்றவர்கள் தங்கள் ஆராய்ச்சியில் ஒரு துளியும் கூட்டாமலே பெரிய பத்திரிகையின் ஆசிரியர்களாகிவிட்டார்கள். வகுப்பில் ஒரு பையன் நூற்றுக்கு நூறு வாங்கியதற்காக அந்த வகுப்பிலுள்ள எல்லோரும் கெட்டிக்காரர் என்று நாம் பெற்றோருக்குக் கடிதம் எழுதினால் எப்படியிருக்கும்?

எண்ணில் அகப்படாத பெருமையும் உண்டு. சென்னை ஸர்வகலாசாலையில் ஜி. என். ராமசந்திரன் தம் சகாக்கள் இருவருடன் 1963-ல் வெளியிட்ட படத்தை, புரதங்களின் அமைப்பை ஆராயும் உலகம் முழுவதும் 'ராமசந்திரன் படம்' என்றே அழைக்கிறது. பெயரே வழங்கிவிட்டபடியால், மூலக் கட்டுரையைக் குறிப்பிட வேண்டுமென்று பலருக்குத் தோன்றுவதில்லை. படம் அச்சாகிறது, ராமசந்திரன் பெயரும் அச்சாகிறது, கணக்கில் மட்டும் ஒன்று கூடுவதில்லை. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயை எந்த எண்ணால் அளப்பது? 1896-ல் அவர் கண்ட பாதரஸ நைட்ரைட்டுக்கு மேற்கோள் எண்ணலாம். ஆனால் அவரிடம் கல்கத்தாவில் பாடம் கேட்ட ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி போன்றவர்கள் எந்தப் பத்தியில் வருவார்கள்? அறுபது வயதுக்குப் பிறகு தம் சம்பளத்தை அவர் ஸர்வகலாசாலைக்கே விட்டுக்கொடுத்தாரே, அது எந்தப் பத்தியில்?

இது நிற்க. நம் மாணவரின் ஒன்பதுக்கும் மற்றவரின் பதினேழுக்கும் வருவோம். மற்றவர் நம் மாணவருக்கு ஐந்து வருஷம் மூத்தவர். இந்த எண் வயதோடு ஏறுமேயன்றி ஒருபோதும் இறங்காது. ஆகையால்தான், முதற் கட்டுரை வெளியான வருஷத்திலிருந்து எத்தனை வருஷமாயிற்றோ அதனால் வகுத்துப் பார்க்கும்படி ஹிர்ஷே கூறினார். மற்றவருடைய துறை மின்சார பாட்டரிகளுக்கு வேண்டிய புதுப் பொருள்கள். அதில் இன்று பல்லாயிரம் பேர் உழைக்கிறார்கள், ஆகவே ஒருவரையொருவர் எடுத்தாளுவதும் அதிகம். மூலிகைச் சத்தில் உழைப்போர் அவ்வளவு பேரல்லர். மற்றவருடைய கட்டுரைகளில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். நம்மவருடையவற்றில் இரண்டு அல்லது மூன்று. பன்னிருவர் எழுதினாலும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழு ஒன்றே ஏறும். அன்றியும், எந்த அட்டவணையைப் பார்த்து எண்ணுவது என்பதும் ஒரு கேள்வி. கூகிள் அட்டவணையில் சாதாரணமாக எண் கூடும்; சந்தா கட்டிப் பார்க்கும் அட்டவணைகளில் குறையும். அந்தக் கமிட்டியார் இருவரையும் ஒரே அட்டவணையில் பார்த்தார்களா என்று கேட்டோம். அவரவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்களாம்!

ஒப்பிட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரே துறையில், பட்டம் பெற்று ஏறக்குறைய ஒரே காலமானவர்களை, ஒரே அட்டவணையைக் கொண்டு ஒப்பிட்டால் எண் ஏதோ சொல்லத்தான் செய்யும். அந்தந்த வருஷத்தில் அந்தந்தத் துறையில் வெளியானவற்றுள் ஒரு கட்டுரை நூற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்கிடும் முறைகளும் ஏற்பட்டிருக்கின்றன. ஆட்களை அளக்கப் பத்திரிகையின் மார்க்கைப் பயன்படுத்தலாகாதென்று 2012-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். ஹிர்ஷே 2020-ல், தம் எண் இவ்விதம் தீமையும் விளைக்குமென்று தாம் எதிர்பார்க்கவில்லை என்று வருந்தி எழுதினார்.

நம் தேசத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களின் நியமனத்துக்கும் உயர்வுக்கும் புள்ளிக் கணக்கை யு. ஜி. ஸி. 2010-ல் புகுத்திற்று. கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று ஏற்பட்டதும், பணம் கட்டினால் எதையும் அச்சிடும் பத்திரிகைகள் காளான்களைப்போல் முளைத்தன. பாடம் நடத்தும் ஆசிரியர் கைக்காசைச் செலவிட்டுக் கட்டுரை வெளியிட்ட கதைகளை நாமே கேட்டிருக்கிறோம். நல்ல பத்திரிகைகள் இவையென்று ஒரு ஜாபிதா தயாரிக்க 2018-ல் ஏற்பாடாயிற்று. 2025-ல் அதுவும் கைவிடப்பட்டது. தராசை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுரையைப் படிப்பதற்கு மாத்திரம் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. படிப்பதென்பது கஷ்டமான வேலைதான். நூறு மனுக்கள் வந்தால், ஒவ்வொன்றிலும் மூன்று கட்டுரைகளாவது படிக்க அத்துறை தெரிந்தவர் வேண்டும். அவருக்கு நாட்கள் வேண்டும். எண்ணைக் கேட்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

அன்றிரவு நம் மாணவர் தம் கட்டுரைக் கட்டை நம்மிடமே விட்டுச் சென்றார். நம் ரஸாயன ஞானம் கலாசாலையோடு நின்றுபோனது; எனினும் ஒன்றை எடுத்துப் படித்தோம். முன்னொருவர் தவறாக வரைந்திருந்த ஓர் அமைப்பை, நாலு விதமான சோதனைகளால் திருத்தி நிலைநாட்டியிருந்தார். அதற்கு இதுவரை மூன்று மேற்கோள்கள்தாம்.

அடுத்த மாதம் வேறொரு ஊரில் அவருக்கு இண்டர்வியூ இருக்கிறது. மனுப் படிவத்தில் எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம். என்ன எழுதுவதென்று கேட்டு நேற்று எழுதியிருந்தார். ஒன்பது என்று எழுதி, எந்த அட்டவணைப்படி, முதற் கட்டுரை வெளியாகி எத்தனை வருஷம் என்பதையும் பக்கத்தில் குறிக்கும்படியும், அந்தத் திருத்தக் கட்டுரையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டும்படியும் பதில் போட்டிருக்கிறோம்.